எட்டாவது அடி

தம்பி, அந்தக் கிட்டாரை மேல வெக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும். வண்டி வளைவு திரும்பறப்ப கழுத்து போயிரும். கிட்டாரு கழுத்தைச் சொன்னேங்க.

எப்படியும் வண்டி இப்போதைக்கு நகராது. கண்டக்டர் சொல்லிட்டுப் போனாரே, கீழ மரம் விழுந்து கெடக்குதாம். ஆளு வந்து அறுத்துப் போட்டாத்தான் மேட்டுப்பாளையம். எல்லாரும் எறங்கி டீ கெடைக்குமான்னு பாக்கப் போயிட்டாங்க. நீங்க கிட்டாரு நனைஞ்சிரும்னு உக்காந்துட்டீங்க. எனக்கும் டீ வேண்டாம். சரியாப் போச்சு.

அந்தத் தடிச்ச தந்தியோட சுருதியக் கொஞ்சம் எறக்கி வெச்சு வாசிப்பீங்களா? இல்லையா? சினிமாப் பாட்டுத்தானா? சரி சரி, தப்பில்ல. யாராச்சும் வாசிக்கணுமில்ல.

நான் டிரம்ஸுங்க. என்ற பேரு திருமூர்த்தி. சொந்த ஊரு உடுமலைப் பக்கம், இப்ப பீளமேட்டுல பம்பு கம்பெனில டெஸ்டிங்ல இருக்கறேன். காலைல கோத்தகிரிக்கு வந்தேன், இப்பத் திரும்பறேன். எதுக்கு வந்தேன்னு கேளுங்க. ஒருத்தன்கிட்டச் சண்டை புடிக்க வந்தேன். ஒரு அடியப் பத்தி. அடிதடி இல்லீங்க, தாளத்துல ஒரு அடி. சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. இருங்க, சொல்லிடறேன்.

காலேஜ்ல நாங்க மூணு பேரு. ரூபன் கிட்டாரு, பாட்டும் அவந்தான், வீடு கோத்தகிரி. அசோகன் பேஸ் கிட்டாரு. நான் டிரம்ஸ். அசோகன் வீட்டுப் பருத்திக்கொட்டை குடோன்ல வாசிப்போம். அப்பத்தான் அமெரிக்காவுல இருந்து இந்த கிரஞ்சுங்கற ராக் பாட்டு வந்திருந்துச்சு. அசோகனோட சொந்தக்காரன் ஒருத்தன் கேசட்டு கொண்டாந்து குடுத்தான். கிட்டாரு சத்தம் தார் காச்சற டிரம்முக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். பாடறவன் மொதல்ல முனகுவான், பக்கத்துல யாரோ தூங்கறாங்கங்கற மாதிரி. அப்பறம் தொண்டை கிழியும். மறுபடி முனகுவான். அழுக்குச் சட்டை, வாராத தலை, அதெல்லாம் பேஷன்னு எடுத்துக்கிட்டவங்க நெறையப் பேரு. நான் சட்டையப் பாக்கல. நான் எண்ணினேன்.

எண்ணினா ஏழு வருது.

எல்லாப் பாட்டும் நாலுதானுங்களே. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. கை தட்டறதுக்கு வசதி, மார்ச் பண்றதுக்கு வசதி. ரெண்டு நாலு சேந்தா எட்டு. இதுல ஏழு. இந்தக் கம்பியில தட்டறேன், கேளுங்க. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு... ஒண்ணு. பாத்தீங்களா? எட்டாவது அடி வரும்னு காது காத்துட்டிருக்கு. அது வர்றதுக்குள்ள அடுத்த சுத்து வந்து நிக்குது. மிருதங்கக்காரங்ககிட்டச் சொன்னா, அட இது நம்ம ஏழு அட்சர மிஸ்ர சாப்புன்னுருவாங்க. தகிட தகதிமி. அது வேறங்க. அது அழகா உருண்டு வரும். இது எட்டுன்னு உங்கள நம்ப வெச்சு, ஏழுல அறுத்துரும். பேசிட்டிருக்கறவன் வாய்ல இருந்து கடைசி வார்த்தையப் புடுங்கற மாதிரி. எனக்கு அந்த எடத்துல மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அஞ்சுலயும் ஒரு பாட்டு இருந்துச்சு, ஆனா அது நொண்டற மாதிரி இருக்கும். ஏழுதான். ஏழுல ஒரு கோவம் இருக்குது.

என்ன கேட்டீங்க? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

கடைசி வருசத்துல ரூபனோட தங்கச்சி செத்துப் போச்சு. ஜாய்ஸுன்னு பேரு. பன்னெண்டாவது படிச்சிட்டிருந்த புள்ள. ஏதோ காய்ச்சல், குன்னூர் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுது. நான் பாத்திருக்கறேன். ஒருக்கா அவங்க வீட்டுக்குப் போனப்ப காப்பி கொண்டாந்து குடுத்துட்டு, "அண்ணா, டிரம்ஸ் அடிச்சா கை வலிக்காதா?"ன்னு கேட்டுது. ரூபன் கோயமுத்தூர்ல இருந்து கடைசி பஸ்ஸைப் புடிச்சு வர்றான்னா, வாசல் லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்குமாம்.

அடக்கம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு ரூபன் குடோனுக்கு வந்தான். கிட்டார மாட்டினான், அந்தத் தடிச்ச தந்திய எறக்கினான், ஒண்ணு வாசிச்சான். ஏழுல இருக்குது! யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வருது அவனுக்கு. அது வரைக்கும் நாங்க இங்கிலீஷ்லதான் பாடிட்டிருந்தோம். அன்னிக்குத் தமிழ்ல பாடினான். "வாசல் வெளக்க அணைக்காத, வந்துட்டே இருக்கேன்." அவ்வளவுதான் வரி. "இருக்கேன்"ல போயி நிக்காம அப்படியே அறுந்து அடுத்த சுத்துக்குத் தாவுது.

அசோகன் அழுதுட்டான். நான் அழுகல. எனக்குள்ள வேற ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. இதுக்கு டிரம்ஸ் எப்படிப் போடறதுன்னு.

கவனமாக் கேளுங்க, இதான் விசயம். கிட்டாரு ஏழுல சுத்துது. நானும் அது கூடவே ஏழுல அடிச்சா ஒண்ணுமில்ல. நான் முன்னாடி இருக்கற சின்ன டிரம்ம, ஸ்னேரும்பாங்க, அத ஒண்ணு விட்டு ஒண்ணு அடிச்சிட்டே போனேன். ரெண்டு, நாலு, ஆறு. அடுத்த சுத்துல அது தானா ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுன்னு மாறி விழும். நேரா இருந்தது தலைகீழாயிரும். மூணாவது சுத்து தொடங்கறப்ப மறுபடி பழையபடி. கேக்கறவன் தலை என்ற அடிக்கு ஆடிட்டிருக்கும், உள்ள கிட்டாரு வேற கணக்குல நடக்கும். ஒரே வீட்டுல ரெண்டு பேரு வேற வேற ஷிப்டு போற மாதிரிங்க. ரெண்டு சுத்துக்கு ஒருக்கா வாசல்ல பாத்துக்குவாங்க. வந்தியா? வந்தேன். அவ்வளவுதான். மறுபடி ஆளுக்கொரு பக்கம். தம்பி, அந்தச் சந்திப்பு இருக்குதே, அது போதுங்க மனுசனுக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

அத டேப்புல புடிச்சு வெச்சேன். இன்னிக்கும் கேக்கறேன். காலைல எந்திரிச்சதும், கம்பெனி விட்டு வந்ததும். என்ற வீட்டுக்காரி கலாமணி இருந்த வரைக்கும் சொல்லுவா, "என்னங்க, ஒண்ணு சொல்லோணும்"னு. இரு, இந்தச் சுத்து முடியட்டும்பேன். முடிஞ்சதும் என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னுருவா. மறந்துரும் போல இருக்குது. இருந்த வரைக்கும்னா, அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா இருக்கறா. பொண்ணு ஓசூர்ல வேலைக்குச் சேந்துச்சு, அதுக்குச் சமைச்சுப் போடறதுக்குப் போயிருக்கறா. அது மொதல்ல இருந்த ஹாஸ்டல்லயும் சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருங்களா?

நான் எதுக்கு அங்க போனேன்? ஆங், சண்டை.

காலேஜுகளுக்குள்ள ஒரு போட்டி வந்துது. பெரிய மேடை. ரூபனோட அம்மா கோத்தகிரில இருந்து வந்து மொத வரிசைல உக்காந்திருந்தாங்க. வெள்ளைச் சேலை. நாங்க இந்தப் பாட்டத்தான் வாசிச்சோம். பசங்க கை தட்ட ஆரம்பிச்சாங்க, நாலு நாலாத் தட்டினாங்க. தட்டறது எங்கயோ போகுது, பாட்டு எங்கயோ போகுது. கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டாங்க. பின்னாடி ஒருத்தன் ஊளை விட்டான். எனக்கு அதெல்லாம் கவலை இல்ல. ஆனா ரூபன் பண்ணினதுதான். கடைசி வரில, அந்த "இருக்கேன்" முடிஞ்ச எடத்துல, மூச்ச இழுத்துட்டு வாயத் தெறந்தான். கை கிட்டார் மேல அப்படியே நின்னு போச்சு. எட்டாவது அடிய உள்ள விடப் பாக்கறான்! நான் விடல. காலால ஓங்கி ஒரு உதை, பேஸ் டிரம்முல. அடுத்த சுத்த நானே எடுத்துட்டேன். அவனும் வேற வழியில்லாம வந்து சேந்துட்டான். பாட்டக் காப்பாத்தினது நான்.

எறங்கினதும், "எனக்கு அங்க கொஞ்சம் எடம் வேணும் மூர்த்தி"ன்னான்.

"எடம் குடுத்தா எட்டாயிரும்டா"ன்னேன்.

சரியான பதில்தானுங்களே? அதுக்கப்பறம் அவன் குடோனுக்கே வரல. பரீட்சை முடிஞ்சுது, அவன் மலைக்குப் போயி வாத்தியாராயிட்டான். அசோகன் மஸ்கட் போயிட்டான். நான் வேற ஆளுங்களோட வாசிச்சுப் பாத்தேன். கல்யாணக் கச்சேரி, ஓட்டல்ல பாட்டு. எல்லாம் நாலு. ஒருத்தன் என்னைப் பாத்து, "அண்ணா, உங்களோட வாசிச்சா யாரோ துரத்தற மாதிரி இருக்குது"ன்னான். விட்டுட்டேன். வீட்டு மாடில டிரம்ஸ் செட் இருக்குது. தனியா வாசிக்கறேன். தொந்தரவு இல்ல பாருங்க.

போன வாரம் அசோகன் ஒரு வீடியோ அனுப்பினான். ரூபன் பாடறான். சர்ச் ஹாலு, சுத்தியும் வயசான பொம்பளைங்க, ஒரு புள்ள கீபோர்டு. நம்ம பாட்டு! எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு... நாலு. எட்டு. எட்டுங்க! மறுபடி போட்டுக் கேட்டேன். எட்டு. அந்த எடத்துல ஏதோ ஒரு வார்த்தையப் போட்டு நெரப்பி வெச்சிருக்கறான். கேக்கறவங்க எல்லாம் கண்ணத் தொடைக்கறாங்க. என்னத்துக்குத் தொடைக்கறாங்க? நாலுல பாடினா யாரு வேணா பாடலாமே. அந்தச் சந்திப்பு போச்சு. நான் கட்டினது எல்லாம் போச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பறம் பஸ் ஏறிட்டேன்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு ஹால்லதான் இருந்தான். தலை வழுக்கையாயிருச்சு. என்னைப் பாத்ததும் அப்படியே வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டான். "மூர்த்தி, மூர்த்தி"ன்னு முதுகுல தட்டறான். சம்சாரத்தக் கூப்புட்டு, "இவந்தான், நான் சொல்லுவேனில்ல, இவந்தான்"ங்கறான். நான் விடல. வந்த வேலை முக்கியமில்லீங்களா?

"எட்டாவது அடி எங்கிருந்துடா வந்துச்சு?"ன்னேன்.

அவன் திருப்பிக் கேட்டான், "நீ வீடியோவ முழுசாக் கேட்டியா?"

"கேட்டேன். எட்டு."

"எட்டாவதுல நான் என்ன பாடறேன்?"

"ஏதோ ஒரு வார்த்தை."

"என்ன வார்த்தை மூர்த்தி?"

எனக்கு ஞாபகம் வரல. எண்ணிட்டிருக்கறப்ப வார்த்தை எப்படிங்க காதுல ஏறும்?

"ஜாய்ஸுடா"ன்னான். "வாசல் வெளக்க அணைக்காத, வந்துட்டே இருக்கேன், ஜாய்ஸு. அதான் வரி. மொதல்ல இருந்து அதான். அன்னிக்குக் குடோன்ல அந்தப் பேரு வாய் வரைக்கும் வரும். சொன்னா ஒடைஞ்சிருவேன்னு கை தானாத் தாவிரும். நீ அத எண்ணிப் பாத்துட்டு, ஏழு, ஏழுன்னு குதிச்சே. எனக்கும் அது நல்லதாப் போச்சு. பேரச் சொல்லாம தப்பிச்சுக்க ஒரு சாக்கு."

அப்பறம் சொன்னான், "அன்னிக்கு மேடைல அம்மா முன்னாடி சொல்லிரணும்னு இருந்தேன். வீட்டுல யாருமே அந்தப் பேர எடுக்கறதில்ல அப்ப. வாயத் தெறந்தேன். நீ உதைச்சுட்ட." சிரிச்சிட்டேதாங்க சொன்னான். கோவமெல்லாம் இல்ல. "அதுக்கப்பறம் தைரியம் வரல. போன வருசம் அம்மாவும் போயிட்டாங்க. அம்மா பெட்டியக் குழில எறக்கிட்டு வந்து இங்க உக்காந்தேன், பேரு தானா வந்துது."

இதுக்கு நான் என்ன பண்றது, சொல்லுங்க. எங்கிட்ட யாரும் சொல்லல. வாயத் தெறந்தவன் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல, இந்த எடத்துல ஒரு பேரு வருதுன்னு? நான் ரூபன்கிட்டயும் அதான் சொன்னேன். காரணம் எதுவா வேணா இருக்கட்டும்டா, ஏழு ஏழுதானேன்னு. அதுக்கும் சிரிச்சான். "வா, ஒருக்கா சேந்து வாசிக்கலாம்"னான்.

ஹால்ல ஒரு டிரம்ஸ் கெடந்துச்சு, தோலெல்லாம் தளந்து போயி. முறுக்கி சரி பண்ணினேன். அந்தப் பொம்பளைங்க வீட்டுக்குப் போகாம பெஞ்சுல உக்காந்துட்டாங்க. ரூபன் ஆரம்பிச்சான். குரல்ல அந்தத் தார் வாசனை அப்படியே இருக்குது. நானும் எடுத்தேன். எட்டுல வாசிக்கறது என்ன பெரிய வித்தை? சின்னப் புள்ளைங்க வாசிக்கும். ஆனா பாருங்க, அந்த எடம் வந்ததும் என்ற காலு போயி உதைச்சுருது. சரியா அந்தப் பேரு மேல. டொம்முன்னு. பேரு கேக்க மாட்டீங்குது. மறுபடி ஆரம்பிச்சோம். மறுபடி டொம். அந்தப் பெஞ்சுல ஒரு அம்மா ஒவ்வொருக்காவும் லேசாத் திடுக்கிடறாங்க.

ரூபன் நிறுத்திட்டு, "மூர்த்தி, அந்த எடத்துல நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இரு. நான் சொல்லிக்கறேன்"னான்.

சும்மா இருன்னா எப்படிங்க? எத்தனை வருசமா மூடி வெச்ச எடம் அது.

சரின்னு கால எடுத்துக் கீழ வெச்சிட்டேன். தரைல அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். அவன் பாடினான். வந்துட்டே இருக்கேன். நான் எதுவும் அடிக்கல. ஹால்ல ஒரு சத்தமும் இல்ல. "ஜாய்ஸு"ன்னான். மெல்லத்தான் சொன்னான், உள் ரூம்புல இருக்கற ஆளக் கூப்புடற மாதிரி.

அடுத்த சுத்து நான் எடுக்கணும். எடுக்க முடியல. கையி ரெண்டும் வேர்த்துப் போச்சு. அந்த ஹால்ல காத்தோட்டமே இல்லீங்க, சன்னல் எல்லாம் சாத்தி வெச்சிருக்கறாங்க. குச்சியக் கீழ வெச்சிட்டு எந்திரிச்சிட்டேன். அவன் சம்சாரம் சோறு வெச்சிருக்கறேன்னு கூப்புட்டாங்க. ரூபன், "ராத்திரி தங்கு, காலைல போலாம்"னான். வேலை இருக்குதுன்னேன். "என்ன வேலை?"ன்னான். வேலைன்னா வேலைதான், என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்றது? வந்துட்டேன்.

என்ன தம்பி? ஏதோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லுங்க, நான் பேசல.

போனா? என்ற போனா அடிக்குது? ஆமா. ரூபன்தான். அப்ப இருந்து அடிச்சிட்டே இருக்கறான். நான் உங்ககிட்டப் பேசிட்டிருந்ததால எடுக்கல, பேச்சு நடுவுல எடுத்தா மரியாதை இல்லைன்னு. எடுக்கட்டுங்களா? சரி, நீங்க சொல்றீங்கன்னு எடுக்கறேன்.

ம், சொல்றா. ... பஸ்லதான். எங்க போறது, மரம் விழுந்து கெடக்குது. ... ம். ... ம். ... வேண்டாம்டா. இப்ப அறுத்துருவாங்க, வண்டி கெளம்பிரும். மழைல எதுக்கு நீ... வேண்டாம்ங்கறேன். ... ம். ... ம். ... சாப்புடல.

வெச்சிட்டான். கார எடுத்துட்டு வர்றானாம். சாயங்காலம் வரைக்கும் ரோடு தெறக்காதுன்னு யாரோ சொன்னாங்களாம். வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், நீங்களே கேட்டீங்களில்ல? கேக்க மாட்டீங்கறான். புடிவாதக்காரன், அப்ப இருந்தே அப்படித்தான்.

நான் போகப் போறதில்லீங்க. அதச் சொல்லிரலாம்னுதான் எறங்கறேன். இத்தனை பஸ்ஸு, காரு நிக்குது, நான் எந்த வண்டில இருக்கறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மேல அந்த வளைவுகிட்டப் போயி நின்னா வர்றது தெரியும்.

கொஞ்சம் காலத் தள்ளிக்குங்க. அந்தப் பையையும் எடுத்துக் குடுத்துருங்க, உங்களுக்கு எடைஞ்சலா இருக்கும். இல்லீங்க, மழை பரவால்ல. நீங்க கிட்டார இப்படிப் பக்கத்துல வெச்சு வசதியா உக்காந்துக்குங்க. இந்தச் சீட்டுக்கு ஆளு வராது.